பதினோரு விநாடி

கேம் விளையாடுவதைப் பதிவு செய்யும் கேப்சர் கார்டு ஒன்று விமர்சனத்துக்காக வந்திருந்தது. அதைச் சோதிக்க, செல்வின் கத்தாரிலிருக்கும் அண்ணன் எடிசனோடு ஆன்லைனில் ஒரே அணியாகக் கால்பந்து ஆடினான். பிறகு பதிவை ஓட்டிப் பார்த்தான். படம் துல்லியமாக இருந்தது. மைதானத்துக் கூச்சலும் அவன் குரலும் தெளிவாகக் கேட்டன. ஹெட்செட்டில் பேசிய அண்ணனின் குரல் மட்டும் கார்டுக்குப் போய்ச் சேரவில்லை. ‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ் அதை எழுதிவிட்டு மேலே ஓட்டினான்.

“கிறிஸ்மஸுக்கு வாரியாண்ணே? நீ வந்தா குடில் கட்டலாம்.”

பதினோரு விநாடி பேச்சில்லை. திரையில் அண்ணனின் ஆட்டக்காரன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓடாமல் நின்றான். கூட்டம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

“ம்… பரவால்லண்ணே. நான் ஒருத்தனுக்கு எதுக்குக் குடில். பந்த இங்க போடு.”

செல்வின் பதிவைப் பின்னால் தள்ளி, கேள்வியிலிருந்து மறுபடி ஓட்டினான். பதினோராவது விநாடியில், தன் குரல் வருவதற்கு முன்பே நிறுத்தினான். இன்னொரு முறையும் அப்படியே செய்தான்.

பிறகு குறைகளின் கீழ் எழுதியிருந்த வரியை வெட்டி, நிறைகளின் கீழ் ஒட்டினான்.