அப்பா வந்த மாலை

வாணலியில் எண்ணெய் சடசடக்கிறது. மசாலா தடவிய கோழி இறக்கைகளைப் பூவிழி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுகிறாள். அவள் சாலமனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பிறகு அப்பா தட்சணாமூர்த்தி இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து அவர் சுவரில் இருக்கும் ஏசு படத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மரக்காணம் உப்பளத்திலிருந்து திரும்பிய சாலமன், காலில் காய்ந்த உப்போடு வாசலிலேயே தயங்கி நிற்கிறான். சிவந்து மொறுமொறுத்த இறக்கைகளைத் தட்டில் எடுத்து அப்பா முன்னால் வைக்கிறாள். "சாப்புடுப்பா." அவர் ஒன்றை எடுத்துக் கடிக்கிறார். மொறுக்கென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. மெதுவாக மென்று விழுங்குகிறார். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "ஏம்பா, அங்கயே நின்னுட்டிருந்தா ஆறிடும். கால் கழுவிட்டு வந்து உக்காரு" என்கிறார்.