பத்து நிமிஷ மேடம்

"மேடம், இன்னிக்கும் எட்டு மணிக்கு என் ஆப் செத்துப் போச்சு. எட்டு பத்துக்குத்தான் உயிர் வந்துச்சு. தினம் தினம் இதே கூத்துதானா?"

போனில் கத்தினார் புரோகிராமர்.

மறுமுனையில், ஆப்களை இணையத்தில் ஓட்டித் தரும் சர்வர் கம்பெனியின் சப்போர்ட் மேடம். "சார், முந்நூறு பேர் ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்குற பிளான் உங்களுது. பைத்தான்ல எழுதி விடாம ஓடுற ஆப்பை எல்லாம் தினமும் எட்டு மணிக்கு சர்வர் நிறுத்திடும். தனி சர்வருக்கு மாறிட்டீங்கன்னா..."

"ஆரம்பிச்சிட்டீங்களா வியாபாரத்தை! நிறுத்தினாலும் என் ஆப் தானா எழுந்திரிக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்கேன். அதனாலதான் பத்து நிமிஷத்துலயாவது எழுந்து நிக்குது."

"இல்ல சார், அது தானா..."

"எனக்கே பைத்தான் சொல்லித் தர்றீங்களா?"

"சரிங்க சார். பத்து நிமிஷத்தைக் குறைக்க முடியுதான்னு பார்க்கிறேன்."

மறுநாள் அது ஏழு நிமிஷமானது. ஆனால் வீட்டில் அந்த சப்போர்ட் மேடத்துக்குப் 'பத்து நிமிஷ மேடம்' என்று அவர் வைத்த பெயர் மாறவில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆப், ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியல். நர்ஸாக இருக்கும் மனைவிக்காக, லீவு நாளில் உட்கார்ந்து எழுதியது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியே இப்போது அதை நம்பித்தான் இருந்தது.

"பாவம், அந்தப் பொண்ணு மரியாதையாத்தானே பேசுது?" என்றாள் மனைவி.

"மரியாதையை வெச்சு என்ன பண்றது? சர்வர் ஓடணும்ல?"

அடுத்த வாரம், காலை எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, ஓ நெகட்டிவ் அவசரமா வேணும். பட்டியல் திறக்க மாட்டேங்குது!"

நல்ல வேளையாக அவள் போனிலேயே ஓ நெகட்டிவ்காரர் ஒருவரின் பழைய நம்பர் இருந்தது. நோயாளி பிழைத்தார். ஆனால் புரோகிராமர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கம்பெனி முதலாளிக்கு அந்த மேடத்தைப் பற்றி நீளமாக ஒரு புகார் எழுதினார். கடைசி வரி: 'இவர் வேலைக்கு லாயக்கில்லாதவர். உடனே மாற்றவும்.'

சாயங்காலமே பதில் வந்தது. 'வருந்துகிறோம். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டோம்.'

"ஒழிஞ்சது தொல்லை!" என்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் எட்டு மணிக்கு ஆப் நின்றது. எட்டு ஏழு ஆனது. எட்டு பத்தும் ஆனது. எட்டரை வரை பார்த்தார், அசையவில்லை. மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். சப்போர்ட் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது அடித்த பிறகுதான் ஓர் ஆண் குரல் எடுத்தது.

"அரை மணி நேரமா கூப்பிடுறேன், என்ன சார் கம்பெனி நடத்துறீங்க?"

"எங்க டியூட்டியே ஒன்பது மணிக்குத்தான் சார்."

"அது இருக்கட்டும். என் ஆப் ஏன் இன்னும் தானா எழுந்திரிக்கல?"

"தானாவா? இந்தப் பிளான்ல அதுக்கு அனுமதியே இல்லையே. நீங்க எழுதி வெச்சது ஒரு நாள்கூட ஓடினதில்ல சார்."

"அப்போ... இத்தனை மாசமா?"

"இருங்க. உங்க அக்கவுண்ட்ல பழைய மேடம் எனக்கு ஒரு குறிப்பு விட்டுட்டுப் போயிருக்காங்க. இப்பதான் பார்க்கிறேன்." அவன் படித்தான்:

"'டியூட்டி ஒன்பதுக்குத்தான். ஆனாலும் முடிந்தால் எட்டு மணிக்கே வந்து, முதல் வேலையாக இந்த ஆப்பைக் கையால் கிளப்பிவிடவும். இது ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல். அவர் திட்டினால் எதிர்த்துப் பேச வேண்டாம். கோபக்காரர்தான், ஆனால் நல்ல மனுஷர்.'"