படுத்தால்தான் பணம்

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த பவுனம்மாள், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற கேசவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இதற்காகத்தானே பழவேற்காட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரிக்கு வந்திருந்தார்.

கேசவன், ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் சங்கத் தலைவர். சங்கத்தின் வைத்திய நிதி அவர் பெறாத பிள்ளை. தினமும் இறால் ஏலம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு பங்கில் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். வீட்டில் யாருக்காவது நோய் நொடி என்றால் அந்த நிதிதான் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். ஆம்பிளைகள் சாராயம் குடித்த மறுநாள் டானிக் வாங்கிக் குடித்துவிட்டு, கூசாமல் மருந்துக்கடை பில்லை நீட்டினார்கள். கேசவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். ஆஸ்பத்திரியில் பெட்டில் சேர்ந்தால் முழுச் செலவும் நிதி கொடுக்கும். மாத்திரை வாங்கிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருகிறவனுக்குத் தம்பிடி கிடையாது.

சட்டம் என்றால் அவர் வீட்டுக்கும் சட்டம்தான். மனைவி கஸ்தூரிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் ஏரியில் இறாலும் இல்லை, கையில் காசும் இல்லை. அப்போதும் மனுஷர் நிதியைத் தொடவில்லை. சிறியாநங்கையைப் பறித்து வந்து கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார்.

முதலில் கஸ்தூரி நாராய்ப் போனாள். அப்புறம் எப்படியோ தேறிவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் அவருக்கு இதே பேச்சுதான்.

"எங்க வூட்டுல இல்லாத நோவா? அவ இன்னா மாத்திரையா தின்றா? கஷாயத்தக் குடிச்சிட்டு கல்லு மாதிரி கீறா."

பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வராது. தம் பேச்சில் சொக்கிப்போயிருக்கிறார்கள் என்று கேசவன் நினைத்துக்கொள்வார்.

நிதி மட்டும் கரைந்துகொண்டே வந்தது. லட்சுமி வீடு திரும்பினால் சரோஜா போய்ப் படுத்தாள். சரோஜா வந்தால் பவுனம்மாள். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பத்தில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். அந்தப் பாட்டைக் குலுக்கிப் போடுகிறவரே கேசவன்தான். அவரிடமே நோய்க்கும் பாடு வைத்தால் மூக்கில் வேர்க்காதா?

"இன்னா பவுனு, நெஞ்சு வலி எப்டி கீது?"

பவுனம்மாள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

"வலி எதுவும் இல்லண்ணே. நாங்க பொம்பளைங்க முறை வெச்சிகினு வந்து படுக்கறோம். இந்த வாட்டி என் பாடு. பெட்டுல படுத்தாத்தான் மருந்துக்குப் பணம் வருது. போறப்ப ஒரு மாச மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. வேணும்ன்றவங்களுக்குப் பிரிச்சிக் குடுத்துடுவோம்."

"யார் யாருக்கு?"

பவுனம்மாள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள் வீட்டை நிதியிலிருந்தே நீக்கிவிடப்போவதாகக் கேசவன் சொன்னார். பவுனம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் நிறைமாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"பேரைச் சொல்லிடு. உன்ன வுட்டுடறேன்."

"நீக்கிக்கோங்கண்ணே. சொல்ல மாட்டேன்."

இந்தத் திமிருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று எண்ணிக்கொண்டு கேசவன் நேரே டாக்டர் அறைக்குப் போனார். நல்லா இருக்கிற பொம்பளையைக் கட்டிலில் போட்டு வைத்திருக்கிறீர்களே, நியாயமா என்று கேட்டார். மாத்திரைக்கு ஆகிறதைப்போலப் பல மடங்கு கட்டிலுக்கு வாங்குகிறீர்களே என்றும் கேட்டார்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மாத்திரைக்கு உங்க சங்கம் பணம் கொடுக்கட்டும், நாளைக்கே கட்டில் காலி. நீங்க சட்டம் போட்டீங்க, நான் கட்டில் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கேசவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மூன்று வீட்டையும் நீக்கிவிட வேண்டியதுதான். மருந்து வாங்கித் தின்றவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களையும் சேர்த்து நீக்கிவிடலாம். ஊர்ப் பணத்தைத் தின்கிறவர்களிடம் இரக்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

"ஐயா, பவுனம்மாவைப் பார்க்க வந்தவர்தானே?"

ஒரு நர்ஸ் கையில் காகிதப் பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அவங்க வீட்டுக்குப் போக இன்னும் ரெண்டு நாள் ஆகும். ஊர்ல ஒருத்தங்களுக்குச் சர்க்கரை மாத்திரை இன்னியோட தீர்ந்துடுதாம். நீங்க கொண்டுபோய்க் கொடுத்துடறீங்களா?"

கேசவன் பொட்டலத்தை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேரே கையில் வந்து விழப்போகிறது.

"குடுத்துடறேம்மா. யார்கிட்ட?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உங்க சங்கத் தலைவர் சம்சாரம் கஸ்தூரியம்மாகிட்ட. அவர் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்துக் கொடுங்க. ரொம்ப நேர்மையானவராம், தெரிஞ்சா அந்தம்மாவைச் சாக விட்டாலும் விடுவாரே தவிர மாத்திரை சாப்பிட விட மாட்டாராம்."