அரைக்கட்டை அக்கா

ராக் குழுக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடகரைப் போற்றுவார்கள், கிட்டார்க்காரரைக் கொண்டாடுவார்கள், டிரம்ஸ்காரரின் தலைமுடியைக்கூட வர்ணிப்பார்கள். பேஸ் கிட்டார் வாசித்தவளை விட்டுவிடுவார்கள். இந்தக் குழுவின் வரலாற்றில் அவளுக்கு ஒரு வரி உண்டு. அதுவும் குற்றப்பத்திரிகை: 'கிட்டார்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடியதற்கு இவரே காரணம்.'

டயர் கடை மாடியில் ஒத்திகை. புதிய கிட்டார்க்காரன் கம்பிகளை முறுக்கி முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, சுருதியை அரைக் கட்டை இறக்கு."

"ரெக்கார்டுல இந்தச் சுருதிதானே, அக்கா?"

"ரெக்கார்டை வீட்ல போய்க் கேளு. இங்க என் பேஸ் உறுமணும்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். "உனக்கு முன்னாடி இருந்தவனும் இதைத்தான் கேட்டான். இப்ப சோப்பு விளம்பரத்துக்கு வாசிக்கிறான். அதுக்கு முந்தினவன் கிட்டாரையே வித்துட்டான். அரைக்கட்டை அக்கான்னு சும்மாவா பேர் வெச்சோம்?"

பாடகருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆள் மாற மாற அரைக் கட்டை இறக்குறா. இப்படியே போனா என் பாட்டைக் கிணத்துக்குள்ள இறங்கித்தான் பாடணும். தம்பி, நம்ம குழுவோட ஆண்டு விழாவுல பழைய சுருதிதான். ஜனங்க அதைக் கேக்கத்தான் வராங்க."

"அப்ப நான் வாசிக்கல" என்றாள் அவள்.

"வாசிக்காதே. உன் ஒருத்திக்காக இன்னும் எத்தனை பேரை இழக்கிறது?"

அவளும் பாடகருமாகத் தொடங்கிய குழு அது. அவள் பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை. சனியன் தொலைந்தது என்று கிட்டார்க்காரன் உள்ளூர மகிழ்ந்தான்.

பழைய சுருதியில் தொடங்கினார்கள். பாடகர் முதல் வரிகளை அநாயாசமாகக் கடந்தார். உச்சத்தில் குரல் பிளந்தது.

"நேத்து ஐஸ் தண்ணி குடிச்சேன். மறுபடி போலாம்."

மறுபடியும் பிளந்தது.

"இந்த மைக்கே சரியில்ல."

மைக்கை மாற்றினார்கள். குரல் மாறவில்லை. டிரம்ஸ்காரர் தன் குச்சியில் இல்லாத விரிசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்பி வாங்கிட்டு வந்துடறேண்ணே" என்று கிட்டார்க்காரன் படியிறங்கி ஓடினான். அவள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"அக்கா, அவருக்கு மேல எட்டல."

"தெரியும்."

"இத்தனை நாளா இறக்கச் சொன்னது அதுக்காகவா? அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"ரோஷக்காரன். சொன்னா அன்னைக்கே பாடறதை விட்டுடுவான். அப்புறம் குழுவாவது, பாட்டாவது."

"உங்க பேஸ் உறுமணும்னு சொன்னது?"

"பேஸுக்கு எந்தச் சுருதியும் ஒண்ணுதான். வாயை மூடிக்கிட்டு மேல போ."

போனான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு இழுத்துக் கட்டினா எனக்கு விரல் வலிக்குது. அரைக் கட்டை இறக்கிக்கலாமா?"

பாடகர் தலையில் அடித்துக்கொண்டார். "அவ போயும் அவ வியாதி போகல. சரி, இறக்கித் தொலை."

அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை என்று ஆண்டு விழாவுக்கு மறுநாள் பத்திரிகைகள் எழுதின. 'அரைக்கட்டை' என்கிற பட்டம் கிட்டார்க்காரனுக்குப் போயிற்று. அவன் மறுப்புச் சொல்லவில்லை. அவளைக் குழு திரும்ப அழைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாகச் சேர்ந்தாள். அதன்பின் மேடை ஏறவில்லை.