யாருக்கு என்ன பிரயோஜனம்?

அப்பாவின் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது; நகங்கள் வெடித்தன. மகளுக்குச் சோதனைக்கூடத்தில் வேலையே ஓடவில்லை. செலினியம் என்ற தாதுச்சத்து சேர்ந்த புரதங்கள் உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுகின்றனவா என்று பல வருடமாக ஆராய்கிறவள் அவள்.

"அதால யாருக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று எப்போதும் கேட்பார், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா.

புற்றுநோயாக இருக்குமோ என்று அவள் பயந்தாள். வர மறுத்தவரை ஒருவழியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அப்பா தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார்.

"செலினியமா? தினம் எத்தனை?"

"ஆறு."

"அளவு மீறினா விஷம் சார். முடி, நகமெல்லாம் போகும். யார் சாப்பிடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இவ எழுதின கட்டுரைய அகராதி வச்சுக்கிட்டுப் படிச்சேன். நல்லதுன்னு புரிஞ்சுது."

மகள் அந்தப் புட்டியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அப்பா மெல்லக் கேட்டார். "அப்ப, அளவாப் போட்டா அந்த டிஎன்ஏ ரிப்பேர் ஆகுமா?"

"தெரியலப்பா. அதைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு இங்க நின்னுக்கிட்டிருக்க? போ, போய் வேலையப் பாரு."