காற்றைக் கூட்டியவன்

"சுவர் ஓரம் பாருங்க மாப்ள. ஒரு கீறல் இருக்கா?"

மாமனார் குனிந்து தரைப் பலகையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இல்ல மாமா" என்று சொல்வதற்குள் மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த அறைக்கு மரத்தரை போடுவது இளைய மாப்பிள்ளை. காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கி நுழையாத சுவர் ஓரத்தில் அவன் முதலில் மெல்லிய துளை போடுவான். திருகாணிக்கு மெழுகு தடவுவான். அப்புறம்தான் முடுக்குவான். பலகையைத் தட்டி நெருக்கும்போதுகூட, சுத்தியல் நேரே படாமல் நடுவில் ஒரு கட்டையை வைத்துக்கொள்வான்.

"மரத்துக்குத் தாலாட்டு பாடுறான்" என்று மூத்தவன் வீட்டில் மனைவியிடம் பொருமியிருந்தான்.

"பாடட்டுமே. அதனாலதான் அப்பா அவரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறார். நீங்களும் ரெண்டு பாட்டு கத்துக்கோங்க."

கட்டிய மனைவிக்கே தங்கை புருஷன்தான் உசத்தி!

அடுத்து ஒரு பெரிய அரங்கத்துக்கு மரத்தரை போடும் வேலை வருகிறது. மாமனாருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இனி மேற்பார்வையை மாப்பிள்ளைகளில் ஒருவரிடம் விடப்போகிறார். இந்த வீட்டு வேலை முடிவதற்குள் அது யார் என்று சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு முட்டி தேய உழைத்தவன் மூத்தவன். நேற்று வந்த சகலையின் கீழ் நின்று தலையாட்டுவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவன் போட்ட ஹாலிலும் ஒரு பிளவு கிடையாது. அது யார் கண்ணிலாவது பட்டால்தானே!

வேலை தொடங்கிய அன்றே சின்னவன் ஆரம்பித்திருந்தான்.

"அண்ணா, இது கெட்டி மரம். காத்தை இவ்வளவு வச்சா பலகையோட நாக்கு பிளந்துடும். கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

பலகையின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் மெல்லிய விளிம்புதான் நாக்கு. ஆணி அதில்தான் இறங்கும். அடுத்த பலகை வந்து அதை மூடிவிடும்.

"எனக்கே பாடமா? போய் உன் வேலையைப் பாரு."

அன்றிலிருந்து மூத்தவன் வீம்புக்கென்றே, காலையில் கம்ப்ரஸரைப் போட்டதும் காற்றழுத்தத் திருகைக் கூட்டி வைப்பான். காற்று நிரம்புவதற்குள் டீ குடித்துவிட்டு வந்து படபடவென்று அடிப்பான். ஒரு நாக்கும் பிளக்காது.

"பார்த்தியா? எங்க பிளந்துச்சு?" என்பான்.

சின்னவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு வேறு எரிச்சலைக் கிளப்பும்.

இருந்தது ஒரே துப்பாக்கி. காலையில் ஹாலில் மூத்தவன், சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் சின்னவன். அன்று எல்லோரும் கை கழுவப் போன நேரம் பார்த்து, மூத்தவன் கம்ப்ரஸர் பக்கம் ஒதுங்கினான். அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. திருகைப் போகிறமட்டும் முடுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் வந்து சாப்பிட உட்கார்ந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் சோறு ருசித்தது.

சாப்பாடு முடிந்ததும் சின்னவன் துப்பாக்கியை எடுத்தான். மாமனாரோ வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு பெருமையாக அறை வாசலில் வந்து நின்றார்.

சடக். சடக். சடக்.

நீளப் பலகையின் நாக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிளந்துகொண்டு போனது.

"அடடா, நல்ல மரமாச்சே!" என்றார் வீட்டுக்காரர்.

மாமனார் முகம் செத்துவிட்டது. "முதல்ல ஒரு துண்டுல அடிச்சுப் பார்க்கிறதில்லையா?"

"தப்பு என்னோடதுதான் மாமா."

"அரங்கத்து வேலையைப் பெரியவரே பார்த்துக்கட்டும். நீங்க அவர் சொல்றபடி செய்யுங்க."

மூத்தவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. "விடுங்க மாமா, சின்னவன்தானே, போகப் போகப் பழகிடுவான்" என்று பெரிய மனது வேறு பண்ணினான்.

வீட்டுக்காரரை வழியனுப்ப மாமனார் வெளியே போனார். உடனே சின்னவன் பதறியடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தான்.

கண்டுபிடித்துவிட்டானா? மூத்தவனுக்குத் திக்கென்றது.

"மன்னிச்சிடுங்க அண்ணா" என்றான் சின்னவன், குரலைத் தாழ்த்தி. "தினமும் நீங்க டீ குடிக்கப் போனதும் நான்தான் காத்தைக் குறைச்சு வைப்பேன். இன்னைக்கு மறந்து தொலைச்சிட்டேன் போல. நீங்க காலையில இங்க ஹால்ல அடிச்ச பலகையும் உள்ள பிளந்திருக்கும்... வாங்க, மாமா பார்க்கிறதுக்குள்ள மாத்திடலாம்."