எருமை அடக்கின பால்

ஒரு நரியும் பூனையும் கூட்டா பால் கடை போட்டுச்சுங்க கண்ணு. அந்தப் பூனை முன்னாடி தயிர்க்கடையில இருந்தது. உறியோட விழுந்ததுல வேலை போச்சு. அது பெரிய கதை, விடு. கடைக்குப் பால் குடுத்தது ஒரு எருமை.

"கறக்கறதுக்கு முன்னாடி கன்னுக்குட்டி நாலு வாய் குடிச்சிடுதே, நமக்குத்தானே நஷ்டம்?"ன்னுச்சு நரி.

"கன்னுக்கு நம்ம கடையில என்ன பங்கு?"ன்னுச்சு பூனை.

ரெண்டும் பேசி, கன்னைத் தூரத்து வேலியில கட்டிருச்சுங்க.

மறுநாள் காலையில பூனை செம்போட உக்காந்து இழுஇழுன்னு இழுக்குது. சொட்டு இறங்கல. எருமை பாலை அடக்கிக்கிச்சு.

"விடுடி பாலை! கடையில ஆளு நிக்குது"ன்னு நரி கத்துச்சு.

"என்னைக் கேட்டா என் புள்ளையைக் கட்டுன?"

"முடிவெடுக்கறது முதலாளிங்க. நீ யாரு கேக்க?"

"சரிங்க முதலாளி. அப்ப உங்க மடியிலயே கறந்துக்கங்க."

நரி குச்சியைத் தூக்குச்சு. எருமை நகரல. "அடி. அடிச்சா சாணி வேணா வரும்."

வாசல்ல ஆளுங்க பாத்திரத்தைத் தட்ட ஆரம்பிச்சாங்க. நரி குச்சியைப் போட்டுட்டு, தானே ஓடிப்போய்க் கன்னை அவுத்துக் கூட்டியாந்துச்சு. கன்னு முட்டி முட்டிக் குடிச்சுது, பாலும் இறங்குச்சு. பூனை அவசரமா செம்பை நீட்டுச்சு.

எருமை காலை ஒரு உதறு உதறுச்சு. "இரு. அது இன்னும் வாயை எடுக்கல."